சுங்கானும் பைப்பும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டார்கள். வாயால் சொல்கிறேன், வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்று தட்டிக் கழித்துப் பார்த்தேன். வாயால் சொன்னது வேண்டாம் என்றுவிட்டார் கேட்டவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

என் பெயர் நாராயணன். சுங்கை பட்டாணியில் பழைய சாமான்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் ஒரு கடையில் இருபத்து நான்கு வருடம் வேலை செய்தேன். சுவர்க் கடிகாரம், மைப் பேனா, பித்தளை விளக்கு எல்லாம் வரும். என் பொறுப்பு புகையிலை பைப்புகள். வெள்ளைக்காரர்கள் வாயில் வைத்துப் புகைப்பார்களே, அது. அதைச் சுத்தம் செய்து, எந்த ஊரில் யார் செய்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்துக்கொண்டதால் ஐம்பத்தெட்டு வயதிலேயே வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கடையில் இருப்பவர்கள் கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடிக்கிறார்கள். நொடியில் பெயர் வந்து விழுகிறது. பாதி நேரம் சரியாகவும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "முத்திரையே இல்லாத பைப்பு வந்தா நீங்க எப்படிண்ணே சொல்லுவீங்க?" அவர்களுக்கும் இதுவே பதிலாக இருக்கட்டும்.

கடைக்கு வருவதற்கு முன் சுங்கை லாலாங்கில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் போட்டேன். அதில் கிடைத்தது ஒன்றே ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் என்ன மரம் என்று கை சொல்லிவிடும். அந்தக் கையைப் பார்த்துத்தான் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கடையின் முதலாளி பிலோமினா மிஸ். என்னைவிட நான்கு வயது இளையவர். அவருடைய அப்பா வைத்த கடை. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கடையில் ஒரு பெரிய பதிவுப் புத்தகம் உண்டு. வந்த பொருள், அதன் அளவு, எடை, மரம், கடைசியில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். நான் அவசரப்பட்டு எழுதியிருந்தால் மிஸ் திட்ட மாட்டார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுப்பார், ரப்பரை எடுத்து நிதானமாக அழிப்பார், தூசியை ஊதுவார், பென்சிலை என் கையில் திருப்பித் தருவார். "பேர் கடைசிலண்ணே," என்பார். அந்த ஊதும் சத்தத்துக்கு நான் பயந்த அளவுக்கு என் பள்ளி வாத்தியாரின் பிரம்புக்குக்கூடப் பயந்ததில்லை.

எங்கள் வேலை முறை இதுதான். முதலில் கண்ணை மூடி உள்ளங்கையில் வைத்து எடை பார்க்க வேண்டும். அடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு கழட்ட வேண்டும். பைப்பில் இரண்டு பாகம் உண்டு. புகையிலை போடும் பாகத்தைக் கிண்ணம் என்போம், வாயில் வைக்கும் பாகத்தை வாய்க்குழல் என்போம். இரண்டும் சேரும் இடத்தில்தான் செய்தவன் தன் பழக்கத்தை விட்டுவைப்பான். வெளியே எப்படி வேண்டுமானாலும் மெருகு போடலாம், உள்ளே யாரும் பொய் சொல்வதில்லை. அதனால் கழட்டாமல் பெயர் சொல்லக் கூடாது. இது மிஸ் வைத்த சட்டம்.

கழட்டுவது லேசு இல்லை. பல வருடம் கிடந்த பைப்பு இறுகிப்போயிருக்கும். பலமாகத் திருகினால் கழுத்து உடையும். கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியின் மேல் தட்டில் வைத்தால் வாய்க்குழல் சுருங்கிக்கொடுக்கும். கடை ஐஸ் பெட்டியில் பைப்புக்குப் பக்கத்திலேயே மிஸ்ஸின் நெத்திலிச் சம்பல் டப்பா இருக்கும். பினாங்கிலிருந்து வந்த ஒருவர் தன் பைப்பை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் ஏன் கருவாட்டு வாடை வருகிறது என்று கேட்டார். மிஸ் சிரிக்காமல், "கடல் தாண்டி வந்த சாமான் இல்லையா," என்றார்.

கருப்பாக மினுங்கும் வாய்க்குழல்கள் பெரும்பாலும் ரப்பர்தான். ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைத்து இறுக்கியது. சூடான ஊசி முனையை வைத்தால் கந்தக வாடை வரும். என் அம்மா தோட்டத்தில் வெட்டிய ரப்பர் பால் கப்பலேறிப் போய், இப்படிக் கல்லாகித் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தொல்லையும் உண்டு. கடைப் பலகையில் 'பைப்பு பார்க்கப்படும்' என்று ஒரு வரி எழுதியிருந்தோம். வாரத்துக்கு ஒரு தொலைபேசியாவது வரும். "அண்ணே, குசினில பைப்பு ஒழுகுது, எப்ப வர்றீங்க?" இது வேறு பைப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கூச்சத்தில் திணறுவேன். மிஸ் வாங்கிப் பேசுவார். ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டு நானே ஒரு வீட்டுக்குப் போய்க் குழாய்க்கு வாசர் மாற்றிவிட்டு வந்தேன். இல்லை என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

ஒரு வழக்கை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் முத்திரையில்லாத பைப்பு ஒன்று கொண்டுவந்தார். அம்மா பால்வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டும் விளக்கு என்னிடம் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் படுக்கைவாட்டில் விட்டேன். தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதில் மறைந்துபோன எழுத்துகள் நிழலாக எழுந்து வந்தன. மூன்று நாள் பார்த்து நான்கு எழுத்தைப் பிடித்தேன். "எங்க அண்ணனுக்கு நல்ல கண்ணு லா," என்று மிஸ் போலீஸ்காரரிடம் பெருமையாகச் சொன்னார். அந்த ஒரு பாராட்டு எனக்குத் தலைக்கனம் ஏற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்த தப்பு நடந்திருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு அது. ஒரு திங்கட்கிழமை காலை. உயரமான ஓர் அம்மா, அறுபத்தேழு அறுபத்தெட்டு வயதிருக்கும், கையில் பிஸ்கட் டின்னோடு படியேறி வந்தார்.

"இங்க சுங்கான் பாக்கறவரு இருக்காராமே?"

"சுங்கானா? அது என்ன சாமான்மா?" என்றார் மிஸ். அவர் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்.

நான் உள்ளேயிருந்து, "பைப்பு மிஸ். தோட்டத்துல அப்படித்தான் சொல்லுவாங்க," என்றேன்.

"ஓ, நம்ம பைப்பா! வாங்கம்மா, இவருதான். தண்ணிக் குழாய்க்கும் இவரத்தான் கூப்பிடறாங்க, பாவம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. டின்னைத் திறந்து பாத்திக் துணியைப் பிரித்து ஒரு பைப்பை மேசைமேல் வைத்தார்.

"விக்க வரல தம்பி. இது யாரு செஞ்சது, எங்கேருந்து வந்தது, அது மட்டும் சொன்னா போதும். பதினொன்றரைக்கு செமிலிங் பஸ்சு. அதை விட்டா வெயில்ல நிக்கணும்."

வளைந்த கழுத்துள்ள பைப்பு. வடிவம் அவ்வளவு சுத்தம். ஆழ்ந்த பழுப்பு நிறம். முத்திரை எங்கும் இல்லை. கிண்ணத்துக்குள் குளவி மண்கூடு கட்டி இறுகியிருந்தது. வெளியே அடியிலிருந்து மேலே ஒரு மயிரிழை விரிசல். வாய்க்குழலைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், மண்ணைக் குடைய வேண்டும், ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லியிருக்கலாம். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காக்கவைக்கக் கூச்சமாக இருந்தது.

"வெள்ளக்காரங்க சாமான்தான்கா இது. நல்லாப் பொகச்சிருக்காங்க. சூட்டுல வெடிச்சிருக்கு பாருங்க."

"துரைங்க வெச்சிருப்பாங்களே, அதுவா?"

"ஆமாக்கா, அந்த மாதிரிதான்."

அவர் பைப்பைக் கையில் எடுத்தார். பிறகு துணியில் சுற்றி டின்னில் வைத்து மூடினார். "சரி தம்பி. அதான் தெரிஞ்சிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பஸ்சுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

மிஸ் பதிவுப் புத்தகத்தை இழுத்தார். "கழட்டினீங்களாண்ணே?"

"இறுகிப் போயிருந்துச்சு மிஸ்."

"மண்ணக் குடைஞ்சீங்களா?"

"பஸ்சுக்கு நேரமாச்சுன்னாங்க."

நான் எழுதியதை ரப்பரால் அழித்தார். தூசியை ஊதினார். ஆனால் பென்சிலைத் தரவில்லை. "அந்தம்மா முகத்தப் பாத்தீங்களா? சாமானுக்கு விலை கேட்டு வர்றவங்க முகம் இல்ல அது. தீர்ப்பு கேட்டு வந்திருக்காங்க. நீங்க விசாரிக்காமயே எழுதிட்டீங்க."

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் செமிலிங்குக்குப் போனேன். பெயர் தெரியாது, வீடு தெரியாது. புது மனிதர்களிடம் பேசுவதென்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, இன்னொன்றும் வாங்கிக் குடித்த பிறகுதான் வாய் வந்தது.

"உயரமா ஒரு அம்மா... பிஸ்கட் டின்னு வெச்சிருப்பாங்க..."

தேத்தண்ணி கலக்குகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரு தெரியாது, டின்னு மட்டும் தெரியும். பொண்ணு பாக்க வந்தீங்களாண்ணே, இந்த வயசுல?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே இரக்கப்பட்டு, "மாரியாயி அக்காவச் சொல்றீங்க. நேத்து பஸ்ச விட்டு எறங்கி இங்கதான் நின்னாங்க. திகாம் பத்து ஊர்ல இருக்கற அவங்க தம்பிகிட்ட போன்ல சண்டை. 'துரையோடதுதான்டா, கடையிலயே சொல்லிட்டாங்க'ன்னு ஒரே அழுகை. எங்களுக்கே கஷ்டமாப் போச்சு," என்றார்.

நேற்று நான் சொன்ன வார்த்தை இங்கே வந்து நின்றிருக்கிறது.

அவர் காட்டிய வழியில் போனேன். மாரியாயி அக்காவின் வீட்டு வாசலில் பழைய சைக்கிள், துருப்பிடித்த தகரம் எல்லாம் குவித்திருந்தார்கள். அதன்மேல் ஒரு மரப்பெட்டி. மூலையில் எலி கடித்த ஓட்டை. அக்கா என்னைக் கண்டதும், "என்ன தம்பி, இவ்ளோ தூரம்?" என்றார்.

"நேத்து நான் தப்புப் பண்ணிட்டேன்கா. கழட்டாம சொல்லிட்டேன்."

கழட்டாமல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. எனக்கு அப்போது காரணம் தெரியவில்லை.

"இன்னும் என்ன இருக்கு சொல்றதுக்கு? அந்தப் பெட்டியும் சாயந்தரம் பழைய இரும்பு லாரில போவுது. எங்க அப்பாவோட தச்சுப் பெட்டி. அதுக்குள்ளதான் இது கெடந்துச்சு."

"லாரி வர்றதுக்குள்ள ஒரு தடவ சரியா பாத்துர்றேன்கா. உங்க ஐஸ் பெட்டில கொஞ்ச நேரம் வைக்கணும்."

பைப்பை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுக் குசினியிலேயே உட்கார்ந்தோம். அந்த நேரத்தில்தான் கதையைச் சொன்னார்.

அப்பா வீராசாமி, தோட்டத்தின் தச்சர். துரை பங்களாவின் கதவு, ஜன்னல், ஓட்டை உடைசல் எல்லாம் அவர் பொறுப்பு. திக்குவாய். வீட்டில் பேசுவார், பெரியவர்கள் முன்னால் வாய் திறந்தால் வார்த்தை மாட்டிக்கொள்ளும். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டத்துக்குப் பட்டணத்திலிருந்து படித்த கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஒருவர் புதிதாக வந்திருந்தார். ஒருநாள் காலை, ஆட்களெல்லாம் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களத்தில், அந்தக் கிராணி அப்பாவைக் கூப்பிட்டு, துரையின் பைப்பு என்னாயிற்று என்று கேட்டார். அப்பா சிரித்த முகத்தோடு தலையாட்டி, நான்தான், வீட்டில் இருக்கிறது என்றார்.

"நான் அங்கதான் நின்னேன் தம்பி. அப்பாவுக்கு டீ கொண்டு போயிருந்தேன். என் ரெண்டு காதால கேட்டேன். மத்தியானம் ஆபீஸ்ல கிராணி என்னையும் கூப்பிட்டு, 'உங்கப்பா சொன்னத நீ கேட்டியா'ன்னாரு. கேட்டேன்னு சொன்னேன். அப்பா பக்கத்துலதான் நிக்கறாரு. இல்ல இல்லன்னு தலைய ஆட்டறாரு, வாயி வரல. காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணான்னு கேக்கறாங்க. துரை ரெண்டு நாள் கொடுத்தாரு. கொண்டாந்து குடுத்துட்டா போலீஸ் இல்லன்னாரு. மூணாவது நாள் எங்கள லயத்து வீட்ட விட்டு அனுப்பிட்டாங்க."

அதற்குப் பிறகு அப்பா மெர்போக் ஆற்றங்கரையில் படகு செப்பனிடும் வேலைக்குப் போனார். அந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் சாகும்வரை, அவர் எடுக்கவில்லை என்றே சொன்னாராம். தம்பி அம்மா பக்கம். அக்காவால் தன் காதை மறுக்க முடியவில்லை. அப்பாவுக்கு வருடா வருடம் படையல் போடும்போது இந்தப் பேச்சு எழும், சண்டையாகும். கடைசியில் தம்பி தனியாகவே படைக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா போன பிறகு அக்கா அவருடைய பெட்டியைத் திறக்க மனமில்லாமல் வீட்டுக்குப் பின்னால் போட்டுவைத்தவர், போன மாதம் வீட்டை ஒழிக்கும்போதுதான் திறந்தாராம்.

"தெறந்தா இது கெடக்கு. அப்பாவ நான் பாட்டுக்குக் காட்டிக் குடுத்துட்டேனோன்னு இத்தன வருஷம் ஒரு எண்ணம் இருந்துச்சு. எடுத்திருந்தா நான் சொன்னது நெசம், எடுக்கலன்னா நான் பாவி. ரெண்டுல எதுன்னு தெரியணும் எனக்கு. நீங்க நேத்து சொன்னதும் மனசு லேசாகும்னு பாத்தேன். ஆவல தம்பி. இன்னும் பாரமாத்தான் இருந்துச்சு."

எழுந்து போய்ப் பைப்பை எடுத்தேன்.

முதலில் எடை. கண்ணை மூடிப் பிடித்தேன். வெள்ளைக்காரர்கள் பைப்பு செய்யும் வேர் இவ்வளவு கனக்காது. நேற்றே என் கை சொல்லியிருக்கும், நான் கேட்கவில்லை. வாய்க்குழலை வலப்பக்கமாக மட்டும் மெல்லத் திருகினேன். மூன்றாம் முறை கழன்றுகொடுத்தது. சேரும் இடத்தில் சாயம் படாத மரம் தெரிந்தது. மஞ்சள் நிறம், நெருங்கிய இழை. கெமுனிங். கிரிஸ் கத்திக்குப் பிடி போட மலாய்க்காரர்கள் தேடும் மரம்.

"பங்களாவுல வேலி என்ன செடிக்கா?"

"வெள்ளப் பூ பூக்கும், வாசமா இருக்கும். கெமுனிங்."

அந்த வேர்தான். பழுப்பு நிறம் காசுக்கட்டி கரைத்துப் பூசியது. ஈரத் துணியில் தேய்த்தால் ஒட்டியது.

அடுப்பில் ஊசியைச் சுட்டு வாய்க்குழலின் உள்விளிம்பில் வைத்தேன். கந்தக வாடை இல்லை. மயிர் பொசுங்கும் வாடை. எருமைக் கொம்பு. கடிக்கும் இடத்தில் பல் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. கழுத்தின் துளை கருத்திருந்தது. ஆனால் சாராயத்தில் நனைத்த நூலை விட்டு இழுத்தபோது வெள்ளையாகவே வந்தது. புகைக் கறை என்றால் நூல் தார்போல வரும். இது பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்ட கருப்பு.

அப்புறம் குளவி மண்ணைக் குடைந்தேன். கால்மணி நேரம் ஆனது. உள்ளே மரம் மஞ்சளாகப் புதிதாக இருந்தது. ஒருநாள்கூட நெருப்புப் படவில்லை. சூட்டில் வரும் விரிசல் உள்ளேயிருந்து வெளியே வரும். இதில் உள்ளே விரிசலே இல்லை. பச்சை வேரில் வேலை செய்தால், காயும்போது வெளியே இப்படித்தான் பிளக்கும். உள்ளே அடிப்பாகத்தில் விளக்கு வெளிச்சத்தை விட்டேன். தொழிற்சாலைக் கிண்ணத்தின் அடி உருண்டையாக இருக்கும். இது தட்டை. தட்டையின் நடுவில் ஒரு சின்னக் குழி.

"பெட்டிய உள்ள கொண்டாரலாமாக்கா?"

இருவரும் தூக்கி வந்தோம். உளி, இழைப்புளி, கை ரம்பம், சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பித்தளைச் சாமான், ஆணி டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில் நான் தேடியது இருந்தது. கையால் சுழற்றி மரத்தில் துளை போடும் தடித்த திருகிரும்பு. அதன் நுனியில் கூரான சின்னத் திருகு இருக்கும். கிண்ணத்துக்குள் மெல்ல இறக்கினேன். சுவரில் உரசாமல், இடைவெளியும் விடாமல் இறங்கியது. நுனி அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது.

அக்காவை அழைத்துக் காட்டினேன். "இந்த இரும்பாலதான்கா துளை போட்டிருக்காங்க. இது துரையோட சுங்கான் இல்ல. துரையோடத ஒவ்வொரு நாளும் பாத்தவரு, அதே மாதிரி செஞ்சது. செஞ்சவரு உங்க அப்பா."

அவர் திருகிரும்பைத் தொட்டார். பைப்பைத் தொடவில்லை. "பின்ன ஏன் தம்பி அன்னிக்கு அவரே ஒத்துக்கிட்டாரு?" என்றார்.

அதற்குப் பைப்பில் பதில் இல்லை. ஆனால் கழட்டாமல் என்று நான் சொன்னபோது அக்காவின் முகம் சுருங்கியது நினைவுக்கு வந்தது.

"அப்பா சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்கக்கா. கூட்டாம, கொறைக்காம."

"'ஆமாங்கய்யா, நான்தான் கழட்டினேன். வீட்டுல இருக்கு. நாளைக்குக் கொண்டாந்துர்றேன்.' இதான். திக்காம சொன்னாரு. அதான் மறக்கவே இல்ல."

"கிராணி என்ன கேட்டாரு? சுங்கான்னு கேட்டாரா?"

"பட்டணத்து ஆளு, சுங்கான்னு சொல்லுவாரா? பைப்புன்னாரு. 'துரையோட பைப்பு என்னாச்சு'ன்னாரு."

"உங்க தோட்டத்துல பைப்புன்னா என்னக்கா?"

"தண்ணி பைப்புதான். வேற என்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

யாரும் சுங்கானைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சுங்கானை எடுப்பார்கள். கழட்டுவது தண்ணீர்க் குழாயை. என் வேலையில் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை என்பதால் எனக்கே அது சட்டென்று உறைக்கவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து பெட்டியை இழுத்து, சாக்குத் துணியைப் பிரித்தார். பித்தளைத் தண்ணீர்க் குழாய். பங்களாக்களில் குளியலறையில் வைப்பார்களே, அந்த மாதிரி கனமானது. திருகின் நடுவில் புதிதாக வெட்டிப் போட்ட தோல் வாசர்கூட இருந்தது. சரி செய்து மறுநாள் கொண்டுபோக வைத்திருக்கிறார். மறுநாள் கொண்டுபோக யாரும் விடவில்லை.

"இதத்தான்டா சாமி சொல்லியிருக்காரு," என்று அக்கா குழாயை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "துரையோட பைப்பு வீட்டுலதான் இருந்துருக்கு."

அந்தக் கிராணியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஊரில் அதற்குப் பெயர் பைப்புதான். காலையில் கேட்டது எந்தப் பைப்பை என்று வீராசாமிக்கும் கடைசிவரை புரியாமலே போயிருக்கலாம். துரையின் சுங்கான் எங்கே போனதோ, அது யாருக்கும் தெரியாது.

அழுது முடித்தபின் அக்கா கேட்டார். "அப்ப இந்தச் சுங்கான எதுக்குச் செஞ்சாரு?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. பச்சை வேருல செஞ்சா வெடிக்கும்னு எந்தத் தச்சருக்கும் தெரியும். காய வைக்க நேரமில்லாம, அவசரமா செஞ்சிருக்காரு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"ரெண்டு நாள்," என்றார் அக்கா. "ரெண்டு நாள் கொடுத்தாங்க. அவரு சோறு திங்காம பின்பக்கம் ஒக்காந்து எதையோ செதுக்கிக்கிட்டே இருந்தாரு. அம்மாவுக்கும் அவருக்கும் அன்னிக்குச் சண்டை. 'இதக் கொண்டு போயிக் குடுத்தீங்கன்னா திருடன்னு நீங்களே ஒத்துக்கறதுதான்'னு அம்மா கத்துனாங்க. எதன்னு எனக்குத் தெரியல அப்ப."

அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"வேலு, நான் அக்கா பேசறேன். வெச்சிறாதடா. அப்பா தண்ணி பைப்பத்தான்டா சொன்னாரு." பேசிக்கொண்டே குழாயின் திருகைத் தடவினார். "நான் கேட்டது நெசம்டா. நான் கேட்டதும் நெசம், அவரு எடுக்கலன்னு அம்மா சொன்னதும் நெசம்." பிறகு அவர் தம்பியின் குரல் எனக்கே கேட்டது. "அங்கேயே இரு. வர்றேன்."

நான் கிளம்பிவிட்டேன். லாரிக்காரர் வந்தால் அந்தப் பெட்டியை ஏற்றக் கூடாது என்று மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். கொண்டையில் கை வைத்துப் பென்சிலை எடுத்தவர், அதை மேசைமேல் போட்டுவிட்டு மைப் பேனாவைத் தந்தார். 'செய்தவர்' கட்டத்தில் அந்தப் புத்தகத்திலேயே மையால் எழுதிய ஒரே பெயர் வீராசாமி.

பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அந்த வருடம் அப்பாவுக்கு ஒரே வீட்டில் படைத்தார்களாம். சுங்கானையும் குழாயையும் படத்துக்கு முன்னால் வைத்தார்களாம். சுங்கானில் அப்பா பெயரைப் பொறித்துத் தர முடியுமா என்று தம்பி கேட்டார். செய்தவர் போடாத முத்திரையை நாங்கள் போடக் கூடாது என்று சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். அப்போதுதான் அக்கா சொன்னார்.

"அப்படின்னா நீங்க பாத்தது, சொன்னது எல்லாத்தையும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க தம்பி. எங்க பேரப் புள்ளைங்க படிக்கணும். சொல்றேன் சொல்றேன்னாதீங்க. வாயால சொன்னதுலதான் எங்க அப்பா போனாரு."

என் கையெழுத்தை நினைத்து வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். அடுத்த முறை கேட்டபோது கண் சரியில்லை என்றேன். போன வாரம் அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். "தப்புத் தப்பா எழுதினாலும் பரவால்ல, கழட்டிப் பாத்துட்டு எழுதறீங்கல்ல," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மற்ற சொற்களில் பிழை இருக்கலாம். வீராசாமி என்ற பெயரை மட்டும் மிஸ்ஸிடம் காட்டிச் சரி பார்த்துக்கொண்டேன். சின்ன ர.

இதை எழுதி முடித்தது தைப்பூசம் கழிந்த நான்காம் நாள், புதன்கிழமை, காலை பத்தரை மணி.